பேரிக்காய் மண்டோரின் இரண்டாம் நம்பர்

மலாக்கா மாநிலத்தில் மரம் வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். மரத்துக்கு மொட்டை அடித்தவரும், மரத்துக்கு ஐஸ் வாங்கிப் போட்டவரும், மரக்குச்சிக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே வந்தவரும் ஒரே ஒருவர்தான். அவரைப் போல ஒரு கிறுக்கரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது என் உடம்புக்கு நல்லது.

அவருக்குப் பேரிக்காய் மண்டோர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெம்பானுக்கும் செலண்டாருக்கும் நடுவில் ஒரு தோட்டம். அதன் ஆபீசில் நான் சின்னக் கிராணி. டைப் அடிப்பது, டெலிபோன் எடுப்பது, மேனேஜருக்குக் கோபம் வந்தால் திட்டு வாங்குவது, இவை மூன்றும் என் வேலை. அம்மாவும் நானும் கிராணி வீட்டில் இருந்தோம். மண்டோர், ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை குட்டி கிடையாது.

மண்டோர் என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். இவர் ஒட்டுக் கட்டும் கோஷ்டிக்கு மண்டோர். ரப்பர் நாற்றின் பட்டையில் ஜன்னல் மாதிரிக் கீறி, நல்ல ரக மரத்தின் துளிர்விடும் கண் ஒன்றை அதற்குள் வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் கட்டி, இருபத்தோராம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். கண் பச்சையாக இருந்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் நின்ற ரப்பர் மரங்களில் பாதிக்கு மேல் இவர் கைபட்டவை. பிறகு கம்பெனி ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்தது. செம்பனையில் ஒட்டுக் கட்ட முடியாது. மண்டோரை உரமூட்டை தூக்க அனுப்பினார்கள்.

"இது ஒரு மரமா? கணுவும் இல்ல, கண்ணும் இல்ல. எத வெட்டி எதுல ஒட்டறது?" என்று செம்பனையைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்புவார். செம்பனைக்கு ரோஷம் இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

கை சும்மா இருக்காமல் ஊரில் உள்ளதையெல்லாம் ஒட்ட ஆரம்பித்தார். சுண்டைச் செடியில் கத்திரிக்காய் காய்த்தது. லயத்து மாமரம் ஒன்றில் மூன்று தினுசு மாங்காய் தொங்கியது. எந்தக் கிளை யாருக்கு என்று பெண்கள் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், "வேரு பொண்ணு வீடு, கண்ணு மாப்ள வீடு. வேரு பரவால்ல" என்று சொல்லிப் பத்திரிகையைத் திருப்பித் தந்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு சீனப் பெருநாள். தோட்டத்துக்குச் சாமான் போடும் காண்ட்ராக்டர் வருஷா வருஷம் பழம் அனுப்புவார். வெளிக்காட்டு ஆட்களுக்குத் தலைக்கு இரண்டு ஆரஞ்சு. ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பெட்டி பேரிக்காய். இது யார் போட்ட சட்டமென்று தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. அந்த வருஷம் மண்டோர் கேட்டார்.

"ஏன் கிராணிம்மா, பேரிக்கா திங்கறதுக்குப் படிப்பு வேணுமோ?"

"அப்படிலாம் இல்ல மண்டோரே."

"ஆபீசுக்கு மட்டும்னு பெட்டியில எழுதியிருக்கா? மலாயில எழுதியிருக்கா, சீனத்துல எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லு."

வாயை அடைக்க என் பங்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது முதலாவது. இரண்டாவதும் அவர் விஷயத்தில்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆபீஸ் வாசலிலேயே நின்று, காம்பும் விதையும் நீங்கலாக மொத்தத்தையும் தின்றார். விதைகளை உள்ளங்கையில் துப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இத நம்ம லயத்துல காய்க்க வக்கிறேன். நம்ம சனம் மரத்துலேர்ந்து பறிச்சுத் திங்கணும். எவனும் பெட்டியில போட்டுப் பிச்சுப் பிச்சுக் குடுக்க வேணாம்."

"மலாக்கா சூட்டுல பேரிக்கா வராது மண்டோரே. அதுக்குக் குளிர் வேணும்லா."

"குளுருதான? உங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்குல்ல?"

இப்படியாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் குடிவந்தது. டின் நிறைய ஈரமணல், மணலுக்குள் அந்த விதையும் ஆபீஸ்காரர்கள் தின்று போட்ட விதைகளும். தினமும் வேலை முடிந்து வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, டின்னில் விரல் விட்டுப் பார்த்துவிட்டுப் போவார். "மீன் வக்கிற எடத்துல மண்ண வச்சிருக்கானே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் டின்னை எடுத்து வீசவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை.

என்னைப் பெண் பார்க்க அலோர் காஜாவிலிருந்து ஒரு வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை டவுனில் வேலை, வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம். அம்மா கேசரியைத் தட்டில் வைக்கும் நேரம் பார்த்து மண்டோர் வந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். டின்னைச் சோதித்தார். மூடினார். திரும்பியபோதுதான் கூடத்தில் மனிதர்கள் இருப்பதைக் கவனித்தார்.

"மாப்ளயா?" என்று கேட்டுக்கொண்டே போய் அந்தப் பையனின் முழங்கையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். "தோலு ரொம்ப லேசு. இங்க ஒட்டினா ஏறாது. அப்ப நான் வரேன்."

சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அம்மா ஒரு மாதம் மண்டோருக்குத் தேநீர் கொடுக்கவில்லை. அந்தப் பையன் வேறொரு பெண்ணைக் கட்டி, அவள் பட்ட பாட்டை அலோர் காஜா டவுனே பேசியது. அதற்காக நான் மண்டோருக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த மாப்பிள்ளையையும் சுரண்டியிருப்பார்.

விதை முளைத்தது. கன்றாகவும் நின்றது. விதைக் கன்று வெறும் வேருக்குத்தான், பழத்துக்கு நல்ல மரத்தின் கண் வேண்டும் என்று மண்டோர் குளிர் நாடான கேமரன் மலைக்குப் புறப்பட்டார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அவருடைய மச்சினன் இருந்தான். நான்கு நாள் மலை முழுக்கச் சுற்றி, பேரிக்காய் மரம் எங்கே கண்டாலும் பழத்தைக் கடித்துப் பார்த்திருக்கிறார். ஒரு பங்களாவின் பின்புறம் மரத்தின்மேல் இருந்தபோது காவலுக்கு இருந்த ஜாகா பிடித்துக்கொண்டான். இவர் கிளையில் உட்கார்ந்தபடியே "சாயா டாக்டர் போக்கோ" என்றாராம். நான் மர வைத்தியர் என்று சொன்னதும் அந்த ஜாகா தன் வீட்டு ரம்புத்தான் ஏன் காய்க்கவில்லை என்று கேட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

மூன்று ரகம் தேர்ந்தெடுத்தார். ரப்பர் ரகங்களுக்கு நம்பர் போடுவது அவர் பழக்கம், ஆகவே இவற்றுக்கும் நம்பர். ஒன்று, பங்களாக் காய். உருண்டை, தோல் சொரசொரப்பு. இரண்டு, ஒரு சீனக் காய்கறித் தோட்டத்து மரம். காய் சின்னது, ஆனால் தேன். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா தொணைக்கு" என்பார். குச்சிகளை வாழைமட்டையில் வைத்துக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துத் தான் நின்றுகொண்டு வந்தார். கோலாலம்பூரில் ஏறிய ஒரு பெண் சாக்கைப் பார்த்து, "பிள்ளைக்கு உடம்பு முடியலையா ஐயா?" என்று கேட்டாளாம். "வேர்க்குது. அதான் காத்து படட்டும்னு" என்றிருக்கிறார்.

வந்த அன்றே பத்துக் கன்றில் ஒட்டுக் கட்டினார். இருபத்தோராம் நாள் பிரித்தால், பத்துக் கண்ணும் பச்சை! லயமே வந்து பார்த்தது. மண்டோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ரப்பருக்குச் செய்வதுபோலவே, ஒட்டுக்கு மேலே இருந்த கன்றின் தலையை ஒரே சீவாகச் சீவினார். பத்துக் கன்றையும் சீவினார். ரப்பர் என்றால் அந்தக் கண் பத்தே நாளில் கொம்பு விடும். இது ரப்பர் இல்லையே. தலையும் இலையும் போனதும் பத்தும் வரிசையாகக் கருகின.

முப்பது வருஷம் ரப்பரில் கை தேய்ந்த மனிதர்தான் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். தெரியாதவனாக இருந்தால் பயந்து இரண்டையாவது விட்டுவைத்திருப்பான். மண்டோர் மூன்று நாள் சோறு தின்னவில்லை. நான்காம் நாள் மறுபடி கேமரனுக்குப் பஸ் ஏறினார். இந்த முறை ஒட்டாமல் மிச்சமிருந்த கன்றுகளில் ஒட்டி, தலையை வெட்டாமல் வளைத்துக் கட்டினார். இரண்டு கன்று பிழைத்தன. ஒரு கன்றில் மூன்று நம்பரையும் ஏற்றிக் கடைசி வீட்டு வாசலில் நட்டார். மற்றதை ஒரு ஆடு தின்றது. ஆட்டின் சொந்தக்காரருக்கும் மண்டோருக்கும் நடந்ததை நான் எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

மரம் ஆள் உயரம் வளர்ந்தது. பூக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், பூக்கவே இல்லை. குளிர் போதவில்லை என்று முடிவு செய்தார். ஃபிரிட்ஜுக்குள் மரத்தை வைக்க முடியாது, அம்மா செய்த புண்ணியம். காலையில் மீன் வேன் வரும். வேன்காரர் வியாபாரம் முடிந்து கொட்டும் ஐஸை வாளியில் பிடித்து வந்து மரத்தடியில் கொட்டினார். தோட்டத்துப் பூனைகள் அத்தனையும் மரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொண்டன. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் ஆட்கள், "என்ன மண்டோரே, பூனை காய்ச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவருக்குப் பேரிக்காய் மண்டோர் என்ற பெயர் நிலைத்தது அந்த வருஷம்தான்.

பிறகு ஒரு மாசி மாதம். மிச்சமிருந்த பழைய ரப்பர்க்காடு வழக்கம்போல இலையைக் கொட்டிவிட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு என்ன தோன்றியதோ, "பால்மரம் மொட்ட அடிச்சாத்தான் பூக்குது. இதுவும் மரந்தான?" என்று ஏணி போட்டு ஏறி, பேரிக்காய் மரத்தின் இலை ஒவ்வொன்றையும் கையால் கிள்ளினார். ஒரு நாள் முழுக்கக் கிள்ளினார். "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் மண்டோரே?" என்று பெண்கள் கேட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் என் குரல்தான் பெரிது.

மூன்றாம் வாரம் மரம் பூத்தது.

வெள்ளைப் பூ. மலாக்கா வெயிலில், மீன் வாடைக்கு நடுவில், கொத்துக் கொத்தாகப் பூ. சிரித்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம். மண்டோர் ஒரு கோழி இறகை எடுத்து ஒன்றாம் நம்பர் பூவைத் தொட்டு இரண்டாம் நம்பர் பூவில் தடவினார். நாலு காய் பிடித்தது. ஒன்று காற்றில் போனது, இரண்டு அணிலுக்குப் போனது. இரண்டாம் நம்பர் கிளையில் ஒரே ஒரு காய் நின்றது. கொசுவலைத் துணியில் பை தைத்து அதற்கு மாட்டினார். ஆவணியில் பழுக்கும் என்று கணக்குப் போட்டார்.

அந்தக் காய் நெல்லிக்காய் அளவு இருந்தபோது தோட்டம் விலைபோனது.

வாங்கியவர்கள் ஒரு பக்கம் கோல்ஃப் திடல், ஒரு பக்கம் பங்களா வீடுகள் என்று படம் போட்டு வைத்திருந்தார்கள். படத்தில் லயம் இருந்த இடத்தில் ஒரு குளமும் இரண்டு வாத்தும் இருந்தன. ஜூன் மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். அறுபத்திரண்டு வீட்டுக்கும் அதை டைப் அடித்தது நான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மேனேஜர் பாராட்டினார்.

எத்தனையோ தலைமுறை அங்கே பிறந்து செத்த சனம். கோயிலில் கூட்டம் போட்டார்கள். தொழிற்சங்கத்து ஆள் வந்தார். மாற்று வீடு கட்டித் தராமல் ஒருவரும் நகரக் கூடாது, எல்லாரும் ஒரே குரலாகப் பேச வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லி முடித்தார். மண்டோர் எழுந்தார்.

"எனக்கு வீடு வேணாம். ரெண்டு மாசம் மட்டும் தள்ளிக் குடுத்தாப் போதும். காய் பழுத்துரும்."

சங்கத்து ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மண்டோரை அடிக்கப் போனார்கள். கம்பெனிக்கு விஷயம் அன்றைக்கே எட்டியது. ஆட்கள் வீடு கேட்கவில்லை, இரண்டு மாதத் தவணைதான் கேட்கிறார்கள் என்று மேனேஜர் டெலிபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னதை நானே கேட்டேன். லயத்தில் ஒருவரும் மண்டோரோடு பேசவில்லை. அவர் குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் வீட்டுக் கூரை போகிறது, இவர் ஒரு காய்க்காகப் பேசுகிறார்.

ஆனால் அந்தக் காய் யாருக்கென்று எனக்கு மட்டும் தெரியும். அவர் ஆபீஸ் வாசலில் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் புத்தி மயக்கத்தில்தான் என் இரண்டாவது தவறைச் செய்தேன்.

ஜூன் மாத நடுவில், வாங்கியவர்களின் ஆள் ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். தலையில் தொப்பி, காலில் வெள்ளைச் சப்பாத்து. மேனேஜர் அவரோடு ஓடாத குறையாக நடந்தார். விவரம் எழுத நான் பின்னால் போனேன். மண்டோர் அன்று காலையிலேயே செலண்டாருக்குப் போய்விட்டிருந்தார். மரத்தைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்த மனிதர் நல்லவராகத் தெரிந்தார். பூச்செடிகளைப் பற்றி எல்லாம் விசாரித்தார். இவரிடம் காட்டினால் மனம் இளகும், இரண்டு மாதம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

"சார், மலாக்காவிலேயே பேரிக்காய் காய்த்த மரம் இது ஒன்றுதான்" என்று இங்கிலீஷில் பெருமையாகச் சொல்லிக் கடைசி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கொசுவலைப் பையை நானே கழற்றினேன். காய் கோழிமுட்டை அளவு இருந்தது.

"ரியலி?" என்றார் அவர். கையை நீட்டினார். பறித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கடித்தும் விட்டார்.

முகம் கோணியது. துப்பினார். "கயு லா! கட்டை மாதிரி இருக்கு!" என்று சொல்லிச் செம்பருத்தி வேலிப் பக்கம் வீசினார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். இருவரும் குளம் வரப்போகிற இடத்தைப் பார்க்க நடந்தார்கள். நானும் பின்னால் நடந்தேன். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். நடக்காமல் அங்கேயே நின்றிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மண்டோர் வந்தார். இறங்கும்போதே, "கிராணிம்மா! சனங்களே! கேட்டுக்கங்க!" என்று கூவிக்கொண்டு வந்தார். லயத்தை இடிக்க காண்ட்ராக்ட் எடுத்திருந்த சீன முதலாளியை, தவுக்கேயைத் தேடித்தான் அவர் செலண்டாருக்குப் போயிருந்தார். கடை வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

"தவுக்கே ஒத்துக்கிட்டான்! மொத வீட்டுலேர்ந்து இடிச்சிக்கிட்டு வருவானாம். கடைசி வீட்டத் தொட ரெண்டு மாசம் ஆவுமாம். 'லூ பூன்யா பேர், குவா துங்கு' ன்னுட்டான். உன் பேரிக்காவுக்கு நான் காத்திருக்கேன்னு சொன்னான் கிராணிம்மா! அவனுக்கும் ஒரு துண்டு குடுக்கணுமாம்!"

கம்பெனி, மேனேஜர், சங்கம், எவராலும் வாங்க முடியாத இரண்டு மாதத்தை இவர் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான் எதிரில் நின்றேன். சத்தம் கேட்டு லயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"மண்டோரே, காய் போச்சு" என்றேன். "வாங்கினவங்க ஆள நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவன் பறிச்சுக் கடிச்சு வேலிப் பக்கம் வீசிட்டான்."

இதற்குப் பிறகு நடந்ததில் மற்றவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அவை சீக்கிரம் முடிகிற விஷயங்கள். லயத்தை இடித்தார்கள். தவுக்கே சொன்ன சொல் தவறாமல் கடைசி வீட்டை இரண்டு மாதம் விட்டுவைத்தார். மண்டோர் அந்த இரண்டு மாதமும் காயில்லாத மரத்தோடு அங்கேயே இருந்தார். பிறகு அதையும் தள்ளினார்கள். மண்டோர் ஜாசினில் ஒரு அடுக்கு வீட்டின் நாலாவது மாடிக்குப் போனார். அங்கே மண் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அதே சமயம் நாட்டில் பணநெருக்கடி வந்து, வாங்கியவர்கள் திடலையும் பங்களாவையும் கைவிட்டுப் போனார்கள். குளமும் இல்லை, வாத்தும் இல்லை. அந்த இடம் முழுக்க லாலாங் புல் முளைத்துக் கிடந்தது. மரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அங்கேயே நின்றிருக்கலாம்.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

மண்டோர் என்னைத் திட்டவில்லை. நான் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். செம்பருத்தி வேலியோரம் குனிந்து தேடினார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரரும் கூடக் குனிந்து தேடினார். ஆட்டுக்காரர் கையில்தான் அது அகப்பட்டது. மண்டோர் அதை வாங்கிக் குழாயடியில் கழுவினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கடிபட்ட பக்கத்தைச் சீவி மரத்தடியில் புதைத்தார். மிச்சத்தைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக நறுக்கினார்.

"இந்தாங்க. நம்ம மரத்துக் காயி. ஆளுக்கு ஒண்ணு."

அவரோடு பல வாரம் பேசாமல் இருந்த சனம் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டியது. "துப்பக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுத்தார். ஒருவரும் துப்பவில்லை. முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. ஆட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியாகக் கத்தியில் ஒரே ஒரு துண்டு இருந்தது. அவர் தின்னுவார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க மண்டோரே. உங்களுக்கு இல்லையே."

"வாயத் தொற."

வாங்கிப் போட்டுக்கொண்டேன். துவர்ப்பு. நாக்கு மரத்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டது. மென்று முழுங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

கையில் துண்டு எதுவும் மிச்சமில்லாத மனிதர் கேட்கிறார்.

"இனிக்குது மண்டோரே."

"நெசமாவா?"

"நெசமா. தேன் மாதிரி இருக்கு."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டுக்காரர் சொன்னார்: "ஆமாங்க மண்டோரே. நல்ல இனிப்பு." பின்னால் இருந்த பெண்களும் ஒவ்வொருவராக, "இனிக்குதுலா", "பிள்ளைங்களுக்கு இன்னொரு துண்டு இருந்தாத் தேவல" என்றார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போன அதே பெண்கள்.

மண்டோர் கத்தியை வேட்டியில் துடைத்தார். "ரெண்டாம் நம்பருல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. எங்களை நம்பினாரா, நம்பியதுபோல் இருந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இப்போது வந்து கேட்டாலும் இனிக்குது என்றுதான் சொல்லுவேன்.